பின்பாதி வார்த்தை

“தூக்கத்தை வெச்சு ஆடித் தோத்தீங்க, சரின்னேன். சிரிப்பை வெச்சு ஆடித் தோத்தீங்க, அதுக்கும் சரின்னேன். இனிமே எதை வெச்சு ஆடப் போறீங்க, என்னையா?”

இப்படிக் கேட்டவ மாடத்தி. கேட்டது அவ புருசன் பூவலிங்கத்தை. ஒரு ஊர்ல, வளையல் விக்கிற பூவலிங்கம்னு ஒருத்தன் இருந்தான்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்க வீட்ல சண்டை ஆரம்பிச்சிருச்சு, நான் என்ன செய்ய? எந்த ஊரா? ஊர் பேரு தெரிஞ்சு பஸ் ஏறப் போறியா? கையை இறக்கு, இது கிளாஸ் இல்லை. கேளு.

அந்த ஊருக்கு வெளிய ஒரு பனந்தோப்பு. அதுல ஒரு நரி கொட்டகை போட்டு, பாய் விரிச்சு, ஆறு சோழியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வளையல் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு அந்த வழியாப் போன பூவலிங்கத்தை, “வாங்க மாப்பிள்ளை, ஒரே ஒரு ஆட்டம்”னு கூப்பிட்டுச்சு.

“எங்கிட்டக் காசு இல்லையே.”

“காசு யாருக்கு வேணும்? நரிக்கு மடி இருக்கா, முடிஞ்சு வெச்சுக்க? உங்க தூக்கத்தை வைங்க, போதும்.”

வெச்சான், தோத்தான். நரி தன்னோட அரைத் தூக்கத்தை, நாய்க்குப் பயந்து ஒரு கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குமே அந்தத் தூக்கத்தை, புதர்ல வீசி எறிஞ்சுட்டு, பூவலிங்கத்தோட நல்ல தூக்கத்தை எடுத்துக்கிச்சு. மறுநாள் போனான். சிரிப்பை வெச்சான், அதையும் தோத்தான். அதுக்கப்புறம்தான் இந்தச் சண்டை.

“ஒரே ஒரு ஆட்டம் புள்ள. ஜெயிச்சா ரெண்டையும் திருப்பிக் கொண்டாந்திருவேன்”னான் பூவலிங்கம். சொல்லும்போது கண்ணு செவந்து கிடந்துச்சு. மாடத்தி அந்தக் கண்ணைப் பாத்தா. திட்ட வாயெடுத்தவ திட்டலை.

மூணாம் நாளும் போனான். நரி சொல்லுச்சு, “காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’னு சொல்லுவீங்கல்ல? அதுல முன்பாதி உங்களுக்கே இருக்கட்டும். பின்பாதியை வைங்க.”

ஒரு வார்த்தைதானே, அதுல என்ன போயிரும்னு வெச்சான். தோத்தான்.

மறுநாள் காலையில பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, “போறேன்”னான்.

மாடத்தி கையில இருந்த செம்பு கீழ விழுந்துச்சு. “என்ன பேச்சு இது? வரேன்னு சொல்லுங்க.”

“வ...”ங்கறான். “வ... வ...”ங்கறான். காத்துதான் வருது. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனான், போனவன் திரும்பலை. சாயங்காலம் ஊர்க் கிணறு வரைக்கும் நடந்து வருவான், அங்கேருந்து கால் தானாத் தோப்புக்குத் திரும்பிரும். வர்ற வார்த்தை போயிருச்சுன்னா வர்ற வழியும் போயிருமே.

மாடத்தி என்ன பண்ணினா? அழுதா. அப்புறம் முகத்தைக் கழுவிட்டு, கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போனா. பூவலிங்கம் பாய் ஓரத்துல குச்சி மாதிரி உக்காந்திருக்கான். நரிக்கு ஒரே சந்தோஷம்.

“வா தாயே! ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சா மூணையும் எடுத்துட்டுப் போ.”

“நான் ஆட வரலை. இவருக்குக் கஞ்சி கொண்டாந்தேன்.”

ஊட்டினா. பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா. “போயிட்டு வரேங்க”ன்னு சொல்லிட்டு எழுந்து போனா. மறுநாளும் வந்தா, ஊட்டினா, உக்காந்தா. நரி கூப்பிட்டுச்சு, மாட்டேன்னுட்டா. மூணாம் நாள் பூவலிங்கம் அவ காதுல, “நீ ஆடினா ஜெயிச்சிருவ புள்ள”ன்னான்.

“நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க”ன்னா மாடத்தி.

கிளம்பும்போது நரியைத் திரும்பிப் பாத்து, “நரியாரே, நாளைக்கு எங்க வீட்ல கருவாட்டுக் குழம்பு. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாப்பிட வாங்களேன்”னா.

நரி வாயில எச்சில் ஊறிருச்சு. “வரேன்”னுச்சு.

மாட்டிக்கிச்சா! நரி ஜென்மம் எடுத்ததுலேருந்து அந்த வார்த்தை அதுகிட்ட கிடையாது, அது போன இடத்துக்குத் திரும்பின வழக்கமே இல்லை. இப்ப சொன்னது பூவலிங்கத்தோட ‘வரேன்’. ஒம்பது வருசமா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடத்தி வாசலுக்கு வந்து பழகின வார்த்தை. அதுக்கு வேற வாசல் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் நரி சோழியைக் குலுக்கிக்கிட்டு இருக்கு, கால் எழுந்திருச்சு. “உக்காரு காலே”ங்குது நரி, கால் கேக்கலை. தரதரன்னு இழுத்துட்டு வந்து மாடத்தி வாசல்ல நிறுத்திருச்சு. குழம்பு ஊத்தினா. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல? ஊத்திட்டு, “தண்ணி இறைச்சு ஊத்துங்க”ன்னா. மறுநாளும் கால் இழுத்துட்டு வந்துச்சு. குழம்பு இல்லை, விறகு உடைக்கிற வேலை. மூணாம் நாளும் இழுத்துட்டு வந்துச்சு. அன்னிக்குத் தெரு நாய்ங்க எல்லாத்துக்கும் நேரம் தெரிஞ்சு போச்சு. அதுங்க முன்கூட்டியே வந்து வரிசையா உக்காந்திருந்துச்சுங்க.

“தாயே, இந்த வார்த்தையை நீயே எடுத்துக்கோ!”ன்னு நரி கூரை மேல ஏறிக்கிட்டுக் கத்துச்சு.

“எனக்கு எதுக்கு? என்னுது எங்கிட்ட இருக்கு. யாருதோ அவர்கிட்டக் குடு. தூக்கத்தையும் சிரிப்பையும் சேத்துக் குடு.”

“வேணும்னா அதுக்கு ஒரு ஆட்டம்...”

நாய்ங்க எழுந்து நின்னுச்சுங்க.

“குடுத்திர்றேன், குடுத்திர்றேன்!”

தோப்புக்கு ஓடி மூணையும் பூவலிங்கம் முன்னால துப்பிருச்சு. பூவலிங்கம் அன்னிக்குத்தான் கிணத்தைத் தாண்டி நடந்தான். வாசல் வரைக்கும் வந்தான், உள்ள வரலை.

“வந்துட்டேன்”னான்.

“தெரியுது. கால் கழுவிட்டு வாங்க.”

“நாளைக்கே கால் மறுபடி அங்க திரும்பினா என்ன பண்ண?”

“திரும்பும்”னா மாடத்தி. “திரும்பினா வந்து எங்கிட்டச் சொல்லுங்க. திரும்புச்சுன்னு சொல்றவரோட நான் குடும்பம் நடத்துவேன். திரும்பவே இல்லைன்னு பொய் சொல்றவரோட என்னால ஆகாது.”

அவ்வளவுதானா, திட்டவே இல்லையான்னு கேக்கறியா? திட்டினா. ஒம்பது வருசத்துக்கும் சேத்துத் திட்டினா. கஞ்சி ஊத்தின பிறகு.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, பாதிப் பகல்லயே பெட்டியோட வந்து நின்னான். “திரும்புச்சு புள்ள. பாய் ஓரம் வரைக்கும் போயிட்டேன்”னான். மாடத்தி பெட்டியை இறக்கி வெச்சா. அவன் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய்க் கஞ்சி ஊத்தினா. மறுநாள்லேருந்து தோப்பைத் தாண்டற வரைக்கும் அவன் கூடவே நடந்தா. தாண்டினதும் அவன், “போயிட்டு வரேன்”பான். இவ, “போயிட்டு வாங்க”ம்பா. அவங்க கதை அதோட வீடு வந்து சேந்துச்சு, உங்க கதையும் வந்து சேரட்டும்.

நரி? கடன் வாங்கின தூக்கம் கையை விட்டுப் போச்சு. தன்னோட அரைத் தூக்கத்தைப் புதர் புதரா தேடுச்சு, கிடைக்கலை. கொட்டகைக்குப் போற ஆளுங்களும் ஒவ்வொருத்தராக் குறைஞ்சு, பாயில புல் மொளைச்சிருச்சு. விளக்கு வைக்கிற நேரமானா அது தோப்பு ஓரத்துல வந்து நின்னு, ஊரைப் பாத்துத் தலையைத் தூக்கி ஊளை விடும்.

“ஒரே ஒரு ஆட்டம்... யாராவது வாங்களேன்...”