லினக்ஸுக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி

சுக்காங்குளத்தில் விவரம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான். மூவரும் சேர்ந்து அங்கே கல்யாணத் தகவல் நிலையம் நடத்தினார்கள். சிதம்பரதாணு தலைவர், தங்கக்கண் செயலாளர், எசக்கி உறுப்பினர். வேறு உறுப்பினர் கிடையாது.

அவர்களுடைய கம்ப்யூட்டரில் அறுநூறு ஜாதகம் இருந்தது. வைரஸ் வந்து இரண்டு தடவை அத்தனையும் அழிந்துபோயிற்று. "இன்னொரு தடவை போச்சுன்னா கடைய மூடிட்டு வேற பொழப்பு பாருங்க" என்று பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். சிதம்பரதாணுவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரோஸ்லினுக்குப் போன் போட்டார்.

அவள் அக்காள் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருந்தாள். "கவலப்படாதிய அண்ணாச்சி. விண்டோஸோட, வைரஸ் அண்டாத லினக்ஸும் சேத்து டூயல் பூட்டு போட்டுருவோம். டிஸ்க்கு ரெண்டையும் மிரர் பண்ணிட்டா, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். நான் சொல்லச் சொல்லச் செய்ங்க."

"டூயலுன்னா ரெண்டு" என்றார் எட்டாவது வரை படித்த தங்கக்கண். உடனே இரண்டு பூட்டு வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைச் சங்கிலியால் சுற்றி இரண்டையும் போட்டார்கள்.

அடுத்தது மிரர். சலூனுக்குப் போய் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றித் தூக்கி வந்தார்கள். அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்த வாலிபர் ஒருவர், பாதி மீசையும் சோப்பு நுரையுமாகக் கண்ணாடியின் பின்னாலேயே வந்துவிட்டார்.

கண்ணாடியைப் பெட்டிக்கு எதிரே நிறுத்தினார்கள். இப்போது இரண்டு பெட்டி.

"இதுக்குக் கரண்டு செவுத்துல இருந்து வருது. உள்ள இருக்கிறதுக்கு?" என்று எசக்கி சந்தேகம் கேட்டார்.

சிதம்பரதாணு குனிந்து பார்த்தார். "உள்ளயும் ஒரு செவுரு இருக்குவே. பிளக்கும் இருக்கு."

எல்லோருக்கும் நிம்மதியாயிற்று.

"இப்ப விண்டோஸ முழுசா மூடுங்க" என்றாள் ரோஸ்லின். ஜன்னல் நான்கையும் மூடினார்கள். "விண்டோஸ் பக்கத்துல லினக்ஸுக்கு இடம் ஒதுக்குங்க. தாராளமா விடுங்க, நெருக்குனா திணறும்."

"லினக்ஸுன்னா யாருவே?"

"பேரைப் பாத்தா வெளிநாட்டுக்காரரு மாதிரி இருக்கு."

"அப்பம் பெஞ்சு சரிப்படாது. கை வச்ச நாற்காலி போடும்."

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டார்கள். நின்று கால் கடுத்துப்போன பாதி மீசைக்காரர் அதில் உட்கார்ந்தார்.

சிதம்பரதாணு மெதுவாகப் பக்கத்தில் போனார். "பேரு?"

"லெனின்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஊருக்கு ஊரு உச்சரிப்பு மாறத்தான் செய்யும்" என்றார் தங்கக்கண்.

"லினக்ஸ் உக்காந்துட்டா அண்ணாச்சி?" என்றது போன்.

"உக்காந்துட்டாரும்மா."

"ஏதாச்சும் கேக்குதா?"

சிதம்பரதாணு திரும்பினார். "என்ன கேக்கிய?"

"பொண்ணு" என்றார் லெனின். பெண் தேடித்தான் அவர் இந்த ஊருக்கே வந்திருந்தார். சவரமும் அதற்காகத்தான்.

"பொண்ணும்மா!" என்று சிதம்பரதாணு போனில் கத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. "ஆமா அண்ணாச்சி, பொண்ணுதான்! இப்பதான் பொறந்துச்சு, அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னா?" ரோஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் வைக்கேன். மக்கர் பண்ணுனா நல்லா அணைச்சிட்டு, பத்து நிமிசம் விட்டுட்டு, திரும்ப ஆரம்பிங்க. லோடு ஆவ நேரமாவும், பயப்படாதிய!"

லெனின் மக்கர் பண்ண ஆரம்பித்தார். "பொண்ணு எங்க? எவ்வளவு நேரம் காத்திருக்க?"

சிதம்பரதாணு யோசிக்கவே இல்லை. அறுநூறு குடும்பத்தின் நல்லது கெட்டது தன் கையில் இருக்கிறது என்ற பொறுப்போடு லெனினை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் நுரை. அவர் விட்டதும் தங்கக்கண் அணைத்தார். அடுத்து எசக்கி, உறுப்பினர் என்ற முறையில் சற்றுக் கூடுதலாகவே.

லெனினுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஊருல கல்யாணம் முடிஞ்சாத்தான் இப்படிக் கட்டிப்பிடிப்பாவ. எனக்கு முடிஞ்சுட்டா?"

"எல்லாம் முடிஞ்சுட்டு" என்றார் சிதம்பரதாணு. "லோடு ஆவ வேண்டியதுதான் பாக்கி. பத்து நிமிசம்."

லெனின் அப்படியே பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்து, கல்யாணம் முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னார்.

"மருமவ எங்கலே?"

"லோடு ஆயிட்டிருக்கும்மா. பத்து நிமிசத்துல வந்துரும்."

"லோடா!" என்று பதறி எழுந்த அம்மா, லாரி திரும்ப இடம் வேண்டுமே என்று வாசல் வேலியைப் பிடுங்க ஆரம்பித்தாள்.