சங்கவி விட்ட இடம்

கதைக்குள் போவதற்கு முன் இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்காக வைத்துக்கொண்ட விதிகள்தான், ஆனால் விடை தேடும்போது உதவும். மருத்துவக் கலந்தாய்வில் வாங்கிய இடத்தை ஒருவர் விட்டுவிட்டால், அந்தப் படிப்பை அவர் மறுபடி கேட்க முடியாது. வகுப்பு தொடங்கும் முன் விட்ட இடம் தரவரிசையில் அடுத்தவருக்குப் போகும். தொடங்கிய பின் விட்டால் யாருக்கும் போகாது, காலியாகவே கிடக்கும்.

ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே முந்திரித் தோப்பில் வேலை பார்க்கும் தண்டபாணியின் மகள் சங்கவி. அரசுப் பள்ளியில் படித்தவள். முதல் முறை நீட் எழுதியபோது எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பல் மருத்துவம் கிடைத்தது. அவளுக்கு எம்.பி.பி.எஸ். தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் மதிப்பெண் வந்திருந்தால் போதும் என்ற எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. விடுவதற்கான கடைசி நாளில் அந்த இடத்தை விட்டாள். தனக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று அவள் பார்க்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை.

ஊர் அவளைப் பைத்தியம் என்றது. கையில் கிடைத்ததை வீசிவிட்டாளே என்று தண்டபாணி பல நாள் அவளோடு பேசவில்லை.

அப்போதுதான் அடுத்த தெரு சரசு ஒரு தூக்கில் கேசரியோடு வந்தாள். கூடவே மகள் நிரோஜா, அதே பள்ளியில் சங்கவிக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். சங்கவி விட்ட இடம் நிரோஜாவுக்குப் போயிருந்தது.

"எம் பொண்ணுக்காக விட்டுக்குடுத்தியே சாமி," என்று சரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே எந்தக் காலத்துலயும் உன் சீட்டுக்கு நான் குறுக்க வர மாட்டேன்," என்றாள் நிரோஜா.

இல்லை அத்தை என்று சொல்ல சங்கவி வாயெடுத்தாள். ஆனால் அந்த மாதம் முழுக்க அவளைத் திட்டாமல் பேசியவர்கள் அவர்கள் இருவர்தான். சொல்லவில்லை. கேசரியைச் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து ஊர்ப்பேச்சும் மாறியது: சங்கவிக்குப் பெரிய மனசு. தண்டபாணியும் மகளோடு பேசத் தொடங்கினார்.

அந்த ஆண்டு முழுவதும் காலையில் அம்மாவோடு முந்திரி உடைத்தாள், மற்ற நேரமெல்லாம் படித்தாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் விரல்தோலைத் தின்றிருந்ததால், தேர்வு மையத்துக் கைரேகைக் கருவி அவள் கட்டை விரலை ஏற்க மறுத்தது. "என்னம்மா, ரேகையையே காணோம்?" என்றார் அங்கிருந்தவர். ஒருவழியாக உள்ளே விட்டார்கள். "இதோட சரி. இன்னொரு தடவ என்னால முடியாது," என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

கலந்தாய்வு சென்னையில். திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் அவள் பிரிவில் ஒரே ஒரு எம்.பி.பி.எஸ். இடம் நின்றது. பெயர் அழைத்தார்கள். சங்கவி இல்லை. நிரோஜா. பல் மருத்துவம் படித்துக்கொண்டே, சும்மா எழுதிப் பார்ப்போம் என்று எழுதியவள். அவளுக்கு அடுத்த பெயர்தான் சங்கவி.

நிரோஜா எழுந்திருக்கவில்லை. திரும்பி சங்கவியைப் பார்த்தாள்.

தண்டபாணி நிரோஜா பக்கம் குனிந்தார். "பாப்பா, தப்பா நினைக்காத. உனக்கு ஒரு சீட்டு இருக்கு. நீ இத எடுத்தா அது வீணாப் போவும். எம் பொண்ணுக்கு இது போனா ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரும் டாக்டராவலாமில்ல?"

சரசுவின் கண் கலங்கிவிட்டது. "எந்திரிக்காத நிரோ. அவ விட்டுக்குடுக்கலன்னா உனக்கு அந்தப் பல்லு டாக்டர் படிப்பே ஏது? சொன்ன சொல்லக் காப்பாத்து."

இரண்டாம் முறை அழைத்தார்கள்.

"அக்கா, நீயே சொல்லு," என்றாள் நிரோஜா. "அன்னிக்கு எனக்காகத்தான விட்ட?"

சங்கவி பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அந்த இடம் அவளுடையது.

தண்டபாணி சொன்னதும் பொய்யில்லை, சரசு சொன்னதிலும் கள்ளமில்லை, நிரோஜாவும் வாக்கை மீற நினைக்கவில்லை. அப்படியானால் சங்கவி செய்ய வேண்டியது என்ன? தலையாட்டுவதா, பேசாமல் இருப்பதா, உண்மையைச் சொல்வதா? இதில் எது சரி?

விடை: நிரோஜாவுக்குப் போன ஆண்டு இடம் கொடுத்தது சங்கவி இல்லை, தரவரிசை. அதே வரிசைதான் இன்றும் நிரோஜாவை முதலில் அழைக்கிறது. கொடுக்காததற்குக் கைம்மாறு வாங்க முடியாது. பேசாமல் இருப்பதும் தலையாட்டுவதற்குச் சமம், போன ஆண்டு கேசரி சாப்பிட்டபோது அவள் செய்ததும் அதைத்தான். தண்டபாணியின் வாதத்தை எடைபோட வேண்டியவள் நிரோஜா. உண்மையைக் கேட்ட பிறகும் அவள் விட்டுக்கொடுத்தால், சங்கவி அதைக் கூசாமல் வாங்கிக்கொள்ளலாம். "இல்ல நிரோ. எனக்காகத்தான் விட்டேன். பின்னால நீ இருந்ததே எனக்குத் தெரியாது," என்றாள் சங்கவி. நிரோஜா எழுந்து மேடைக்குப் போய் அந்த இடத்தை எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி டீக்குப் பேருந்து நின்ற இடத்தில் தண்டபாணி இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை மகளிடம் நீட்டினார். "பயாலஜி புக்க யாருக்கும் குடுத்துடலயே?" என்று கேட்டார்.