கேட்டுக்குள்ள மட்டும் செல்லுற காசு

மொட்டப்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனி. அங்க வேல செய்யறவங்களுக்கும் மூளை உண்டு. தேஞ்சு போயிருமேன்னு யாரும் எடுத்துப் பொழங்கறதில்ல, அவ்வளவுதான்.

ஒருநா மேனேஜர் சொன்னாரு: "இனிமேச் சம்பளம் ரூவாயாக் கெடையாது. உங்க போன்ல கம்பெனிக் காசு ஏறும். அது இந்தக் கேட்டுக்குள்ள மட்டுந்தான் செல்லும்."

சொல்லிட்டு அவரே கை தட்டுனாரு. இவங்களும் தட்டுனாங்க.

கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து மட்டும் தட்டுன கையப் பாதியில நிறுத்திட்டான். ஞாயித்துக்கெழம மகளுக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் நூறு பேரு வருது, கறி போட்டாகோணும். கேட்டுக்குள்ள கெடைக்கறது கேன்டீன் வடையும் கம்பெனி பனியனுந்தான்.

"மச்சானுக்கு எலையில பனியன வெச்சா, கடிச்சுப் பாத்துட்டு என்னைய அடிப்பாருக்கா"ன்னு அழுதான்.

துணி மடிக்கற ராமாத்தாக்கா கண்ண மூடி யோசிச்சா.

"கேட்டுக்குள்ளதான செல்லும்? கறிக்கடையத் தூக்கி உள்ள வெச்சுட்டாப் போச்சு."

"கட பெருசுக்கா. தூக்க முடியாது."

"கேட்டு?"

"அத எட்டுப் பேரு தூக்கிரலாம்."

"பொறகென்னடா!"

வாட்ச்மேன் மாரப்பன் மறிச்சாரு. "கேட்ட வுட்டு நகரக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு." கொஞ்சம் யோசிச்சுட்டு, கேட்டு மேலயே ஏறி உக்காந்துட்டாரு. அவரையுஞ் சேத்துத் தூக்குனாங்க.

கறிக்கடை முன்னால கொண்டு போயி நட்டாங்க. நாச்சிமுத்து போன நீட்டுனான். "பாய், இப்ப நீங்க உள்ள இருக்கறீங்க. பத்துக் கிலோ போடுங்க."

காதர் பாய் கேட்டச் சுண்டிப் பாத்தாரு. நல்ல இரும்பு. "போன எடுத்து உள்ள வெய்யப்பா. கேட்ட இங்க வுட்டுட்டுப் போ, பதினஞ்சு கிலோவாவே தர்றேன்."

மாரப்பன் கேட்டோடயே தங்கிட்டாரு.

கறியோட திரும்பி வந்தா, கம்பெனி வாசல் பொக்க வாயாட்டம் கெடக்குது.

"கேட்டே இல்லியேக்கா. இப்ப எது உள்ள, எது வெளிய?"

ராமாத்தா நாலாபக்கமும் பாத்தா. "எல்லாமே உள்ளதான்டா. ஊரு பூரா கம்பெனிதான்!"

காசு இனி எங்கயுஞ் செல்லும்னு ஆளாளுக்குக் கூத்தாடுனாங்க. நாச்சிமுத்து மூஞ்சி மட்டும் சுருங்கிப் போச்சு.

"அப்ப நாம வெளியவே போகலியேக்கா. ஷிப்டு முடியலியே!"

ஞாயித்துக்கெழம விருந்துக்குக் கம்பெனி ஆளுக எல்லாரும் யூனிபார்ம் போட்டு, கழுத்துல கார்டோட வந்தாங்க. ராமாத்தா பந்திக்கு நடுவுல மொதலாளி இருக்கற தெச பாத்துக் கும்புட்டு, ஒண்ணுக்குப் போறதுக்கு அனுமதி கேட்டா. சொந்தக்காரங்க கறி நல்லாருக்குன்னு மட்டும் சொன்னாங்க.

ஆசாரி காதக் குத்துனாரு. பாப்பா வீல்னு கத்துச்சு.

நாச்சிமுத்து ஒடனே மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், டூட்டி நேரத்துல பாப்பா அழுதுருச்சுங்க. அதுக்கு இன்னும் கார்டு போடலீங்க. அபராதத்த என்ற கணக்குலயே புடிச்சுக்குங்க!"