கீறல் விழுந்த கோல்

வடிவக்கணக்கு சொல்லித்தந்த அரும்பாவைக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் பாடம் கேட்ட சாத்தப்பனுக்கு ஐம்பத்திரண்டு. அரண்மனைக்கு நிலம் அளந்துகொண்டிருந்தவர், அந்த வேலையை உதறிவிட்டு வந்திருந்தார்.

அவள் தருவது இரண்டே பொருள். வட்டம் போட ஒரு கயிறு, நேர்கோடு போட ஒரு கோல். கோலில் அளவுக்குறி எதுவும் இருக்காது. இருக்கவும் கூடாது, அதில் அவள் கறார்.

சமபக்க முக்கோணத்தின் ஒரு மூலையை மூன்று சம பங்காகப் பிரிக்க வேண்டும். இதுதான் சாத்தப்பனுக்குத் தந்த கடைசிக் கணக்கு. இதற்கு விடை சொன்னால் சொந்த ஊரில் பள்ளி தொடங்கலாம். ஏழு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார் மனிதர்.

அன்று காலை மணலில் பிரித்தே காட்டிவிட்டார். கூட்டிப்போக ஊரிலிருந்து வண்டிகூட வந்து நின்றது.

அரும்பாவை மணலைப் பார்த்தாள். பிறகு கோலை எடுத்து அதன் ஓரத்தைத் தடவினாள். அளவுக்குறியாக நகத்தால் போட்ட இரண்டு கீறல்கள் விரலில் தட்டுப்பட்டன.

“இது செல்லாது.”

சாத்தப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. “மூணு பங்கும் சமமா இல்லையா? அதைச் சொல்லுங்கம்மா!”

“சமம்தான்.”

“அப்புறம் என்ன? ரெண்டு கீறலுக்காக என் ஏழு வருஷத்தைத் தூக்கிப் போடுறீங்களா? முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். என் அளவைத் தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல!”

அவள் கோலின் ஓரத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். கீறல்கள் மறைந்ததும் அவரிடம் நீட்டினாள்.

“இப்பப் பிரிங்க.”

அவர் கோலை வாங்கித் தரையில் வீசினார்.

“முடியாது! இந்த மூலையைப் பாதியாக்கலாம், பாதியையும் பாதியாக்கலாம். மூணாக்கணும்னா கோலுக்கு ஒரு நீளம் தெரியணும். வெறும் கோலுக்கு எப்படித் தெரியும்? என்னால இல்ல, எவனாலயும் முடியாது!”

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“விடை சரி,” என்றாள் அரும்பாவை. “வண்டியில ஏறுங்க.”

சாத்தப்பன் ஏறவில்லை.

“முடியாதுங்கிறதுதான் விடையா? தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?”

“ஆமா.”

அவமானத்தில் அவர் குரல் உடைந்தது. “அநியாயம்மா இது! மொத நாளே சொல்லியிருக்கலாமே!”

அரும்பாவைக்கும் கோபம் வந்தது.

“வெறும் கோலால முடியாதுன்னு தெரிஞ்சு அதைக் கீறின அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே.”