காலுக்கும் வாய்க்கும் வரி

மரவட்டை சுருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது!

கோரைக்குளத்தங்கரையில், புன்னைமர உச்சியில் உட்கார்ந்துகொண்டு செம்போத்து தொண்டை கிழிய அறிவித்துக்கொண்டிருந்தது.

"ஊப்! ஊப்! இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்! இந்த மழைக்காலம் முதல் கால்வாய் வரி! ஊப்! கால்வாய் வரி! அதாவது, வீட்டுக்கு…"

மீதியைக் கேட்கச் சுருளாயி நிற்கவே இல்லை.

"அய்யய்யோ! காலுக்கும் வரியா! வாய்க்கும் வரியா!"

தனக்கு எத்தனை கால் என்று அவள் அதுவரை எண்ணியதே கிடையாது. அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ணினாள். நடந்துகொண்டே எண்ணியதில் இரண்டு தடவை தப்பிப்போனது. மூன்றாம் தடவை நின்று எண்ணினாள். நூற்றி எண்பது!

நூற்றி எண்பது காலும் ஒரே சமயத்தில் நடுங்கின.

இத்தனைக்கும் அந்தக் காட்டில் மழைத்தண்ணீர் வடிய வழியே இல்லை. போன வருஷம் பதினோரு நாள் தண்ணீர் தேங்கி நின்றது. முதலில் மூழ்கியது சுருளாயி வீடுதான். அவள் வீடு இருப்பது பள்ளத்திலும் பள்ளம். இந்த வருஷமோ வீட்டுக்குள் மூன்று மண்ணுருண்டைகள் இருந்தன. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் அவளுடைய முட்டைகள். 'இந்தத் தடவையாவது தண்ணி வராம இருக்கணும்' என்று தினமும் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறவள் அவள்.

ஆனால் வரி என்றதும் தண்ணீர் மறந்துபோனது. விழுந்தடித்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் எதிர்ப்பட்டது நண்டு.

"நண்டு மாமா! சேதி தெரியுமா? காலுக்கு வரி போட்டுட்டானுங்க!"

நண்டு அப்படியே பக்கவாட்டில் நாலடி தள்ளிப்போனது. "காலுக்கா! எனக்கு எட்டுதான் கால்! முன்னால இருக்கிற ரெண்டும் கை! சொல்லிட்டேன், அது கை!"

அடுத்து தவளை. "என்னாது! க்ராக்! என் பிள்ளைங்க இன்னும் வாலோட நீந்துதுங்க. இன்னைக்குக் கால் கிடையாது. அடுத்த வாரம் ரெண்டு முளைக்கும், அதுக்கடுத்த வாரம் நாலாகும். முளைக்க முளைக்க வரியா? க்ராக்! இது அக்கிரமம்!"

சாரைப்பாம்பு மட்டும் வெயிலில் நீட்டிப் படுத்துச் சிரித்தது. "ஸ்ஸ்ஸ்… ரொம்ப நல்ல வரி. இப்படி ஒரு வரியைத்தான் நான் எதிர்பார்த்தேன். எனக்கு ஏது கால்?"

"வாய் இருக்குல்ல அண்ணே!" என்றாள் சுருளாயி. "கால்-வாய் வரி! ரெண்டும் சேர்த்துத்தான்!"

சாரைப்பாம்பின் சிரிப்பு பாதியில் நின்றது. வாயை இறுக்க மூடிக்கொண்டது. அதுவரை அது வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் காடே கொதித்தது. சாயங்காலம் குளத்தங்கரையில் கூட்டம். தலைமை, கொக்கு. அசையாமல் நிற்பதால் அதற்கு அந்தப் பதவி. வழக்கம்போல ஒற்றைக் காலில் நின்றிருந்தது. ஆனால் அன்றைக்கு மற்றக் காலை இறகுக்குள் ரொம்ப ஆழமாகச் செருகியிருந்தது. தலைவருக்கே காலைப் பற்றிக் கவலை!

"சபையோர்களே! எனக்கு இருப்பது ஒரே கால் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொண்டு, விவாதத்தைத் தொடங்கி வைக்கிறேன்."

கூட்டத்தின் நடுவிலிருந்து பெருச்சாளி மாசிலாமணி எழுந்தது. உடம்பெல்லாம் சேறு. மூன்று நாளாகக் காடு முழுக்க அளந்து, குச்சி நட்டு, நார் கட்டி, திட்டம் போட்டதே அதுதான்.

"ஐயா, நான் கொஞ்சம் சொல்லிடறேன். இந்தக் கால்வாய்ங்கிறது…"

"உட்காருய்யா!" என்று கத்தினாள் சுருளாயி. "நாலு கால்காரனுக்கு நூத்தி எண்பது கால்காரி வேதனை எப்படிய்யா தெரியும்?"

"அதில்லக்கா, காலுக்கும் இதுக்கும்…"

"க்ராக்! உட்காரு! க்ராக்! உட்காரு!" தவளைக் கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது.

"வாய்க்கு வரி போடுறவன் வாயைத் திறக்கக் கூடாது!" என்றது நண்டு. சொல்லிவிட்டுத் தன் வாய்க்கும் வரி உண்டே என்று ஞாபகம் வந்து பொத்திக்கொண்டது.

மாசிலாமணி மூன்று தடவை எழுந்தது. மூன்று தடவையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு முயல் மட்டும் தயங்கித் தயங்கிப் பேசியது. "காலுக்கு வரின்னாலும் பரவாயில்லைங்க, தண்ணி வடிஞ்சாப் போதும், நான் கட்டிடறேன். போன வருஷம் குட்டிகளைத் தூக்கிக்கிட்டுப் பதினோரு நாள் கல்லு மேலேயே நின்னேன். மறுபடியும் என்னால முடியாது."

கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள். சுருளாயிக்குக்கூட ஒரு நிமிஷம் மண்ணுருண்டை ஞாபகம் வந்தது. ஆனால் கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் அவள் பேச்சை இதற்குமுன் கேட்டதே இல்லை. விடுவாளா?

"நாலு காலுக்கு வரி கட்டுறது பெருசா? இன்னைக்குக் கால், வாய்! நாளைக்கு மூக்கு! அப்புறம் வால்! விடலாமா?"

"விடக் கூடாது! விடக் கூடாது!"

கொக்கு கழுத்தை நீட்டியது. "சரி, முடிவுக்கு வருவோம். வரி வேண்டும் என்பவர்கள் தலையைத் தூக்குங்கள். வேண்டாம் என்பவர்கள் காலைத் தூக்குங்கள். மீன்கொத்தி எண்ணும்."

மீன்கொத்தி ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் பறந்து பறந்து எண்ணியது. முயல்கள், நத்தைகள், மண்புழுக்கள் எல்லாம் தலையைத் தூக்கின. சாரைப்பாம்பு தவித்தது.

"எனக்கு வேண்டாம்! ஆனா தூக்கறதுக்குக் கால் இல்லையே!"

"தலை மேலே இருக்கு. வேண்டும்!" என்று எண்ணிவிட்டு மீன்கொத்தி நகர்ந்தது.

மொத்தம் அறுபத்து நாலு தலைகள். பிறகு கால்கள். நண்டு, தவளை, ஓணான், அணில் என்று வரிசையாக ஆளுக்கு ஒரு கால் தூக்கியதில், தலைவருடைய ஒளித்துவைத்த காலையும் சேர்த்து, ஐம்பத்தொன்று.

சுருளாயி பார்த்தாள். தோற்கப்போகிறோம்! சட்டென்று மல்லாந்து படுத்தாள். நூற்றி எண்பது காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினாள்!

மீன்கொத்திக்கு மூச்சு வாங்கியது. "காலைத் தூக்குங்கன்னுதானே சொன்னாங்க? அப்போ கால்தான் கணக்கு. நூற்றி எழுபத்தெட்டு… எழுபத்தொன்பது… எண்பது! ஆக மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று!"

"வரி தோற்றது!" என்றது கொக்கு.

ஒரே ஆரவாரம்! தவளைகள் சுருளாயியைத் தாமரை இலையில் வைத்துத் தூக்கிக் குதித்தன. "சுருளாயி அக்கா வாழ்க! க்ராக்!"

ஆரவாரம் அடங்கியதும் அவள் இலையிலிருந்து இறங்கி வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் மாசிலாமணி குனிந்து குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"என் வாசல்ல என்னய்யா பண்றே?"

"நட்ட குச்சியை எடுக்கிறேன்க்கா. அதான் வேண்டாம்னுட்டீங்களே."

"இங்கே எதுக்குய்யா குச்சி?"

"கால்வாய் இங்கேதானே ஆரம்பிக்குது! இருக்கிறதிலேயே உன் வீடுதான் பள்ளம். முதல்ல உன் வீட்டுத் தண்ணியை வெட்டி விட்டாத்தான் மத்தவங்களுது வடியும். இங்கிருந்து ஓடைவரைக்கும் ஒரே கோடு."

சுருளாயி குச்சிகளைப் பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, அவள் வாசலிலிருந்து ஓடைவரை போயின.

"அப்போ… கால்வாய்னா… வெட்டுற கால்வாயா?"

"வேற எந்தக் கால்வாய்?"

"காலு… வாயி…" அவளுக்கு நாக்கு குழறியது. "காலுக்கு எவ்வளவுன்னு போட்டிருந்தீங்க?"

"எந்தக் காலுக்கு?" மாசிலாமணி விழித்தது. "வீட்டுக்கு ஒரு நாவல்பழம்க்கா. தோண்டுற எங்க ஆளுங்களுக்குச் சாப்பாடு. அவ்வளவுதான். செம்போத்து காலையிலேயே முழுசா சொன்னதே!"

ஒரு நாவல்பழம்! வீட்டுக்கு ஒன்றே ஒன்று!

மாசிலாமணி மெதுவாகச் சொன்னது: "நீ மட்டும் மல்லாக்கப் படுக்காம, எல்லாரையும் போல ஒரு காலைத் தூக்கியிருந்தா, அறுபத்து நாலுக்கு அம்பத்தி ரெண்டு. ஜெயிச்சிருப்போம்."

அவள் திரும்பி ஓடினாள். "தலைவரே! தலைவரே! என் காலெல்லாம் இறக்கிக்கிறேன்! வரி வேணும்! வீட்டுக்கு ஒரு பழம்தானாம்!"

"ஒரு பழமா!" கொக்குக்கு அதிர்ச்சியில் செருகியிருந்த கால் தொப்பென்று கீழே விழுந்தது. நண்டு பக்கவாட்டில் நடப்பதை மறந்து நேராக நாலடி நடந்தது.

"தூக்கினது தூக்கினதுதான்," என்றது கொக்கு. "விதிப்படி அடுத்த கூட்டம் மழைக்கு அப்புறம்…"

அது சொல்லி முடிக்கவில்லை. மேற்கே இடி இடித்தது.

மழை பிடித்துக்கொண்டது! கல்லாய் விழுந்த மழை. சுருளாயி வீட்டுக்கு ஓடினாள். வாசலைத் தாண்டி உள்ளே தண்ணீர். முதல் உருண்டையைத் தலையால் முட்டி முட்டி மேட்டுக்கு உருட்டினாள். மாசிலாமணி ஓடிவந்து இரண்டாவதைக் கைகளில் அணைத்துக்கொண்டு ஏறியது. மூன்றாவதற்கு அவள் திரும்பியபோது அங்கே உருண்டை இல்லை. கரைந்த மண்தான் கலங்கலாகச் சுழன்றுகொண்டிருந்தது.

பாறைமேல் எல்லாரும் நெருக்கியடித்து நனைந்துகொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கும் வாய் வரவில்லை. முயல் நகர்ந்து, சுருளாயியின் இரண்டு உருண்டைகளுக்கும் தன் காதுகளால் குடை பிடித்தது.

சுருளாயி அந்தக் காதுகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அழுதாள். "காலை எண்ணினேன், வாயை எண்ணினேன். காதைக் கொடுத்துக் கேட்கலையே!"

பாதிப் பேச்சைக் கேட்டுக் கொதித்து எழுகிறவர்கள், தங்களைக் காப்பாற்ற வருகிற நன்மையைத் தாங்களே தோற்கடித்துவிடுவார்கள்.