பால்பல்லின் வேர்

“இதுக்கு வேரே இல்ல, சாமி. ஆறு வயசு வரைக்கும் வளத்தேன், எனக்கும் அந்தப் புள்ளைகிட்ட வேரே இல்ல.”

அங்கயற்கண்ணி திருநீற்று டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஒரு பால்பல் கிடந்தது. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

சாமியம்மா டப்பாவை வாங்கவில்லை. முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நாப்பது நாளா ஆளையே காணோமே அக்கா.”

“புள்ள அவங்கம்மாகிட்ட போயி நாப்பது நாளாச்சு.”

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஓட்டுக் குடில். சாமியம்மா ஒரு காலத்தில் பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். காவி கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது வீங்கிய கன்னத்தோடு வந்து முக்திக்கு வழி கேட்டால், முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். அதனால் ஊருக்குள் அவர் பெயர் பல்லுச்சாமி.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று. சின்னவரைக் குருவாக ஏற்றதில் அங்கயற்கண்ணிக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் குருவுக்குத்தான். அதனால்தான் அந்த ‘அக்கா’.

“போகும்போது அழுதாளா?”

“அழுதாத்தான் பரவாயில்லையே! கார் கண்ணாடியை ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்தா. ‘அத்தைக்கு டாட்டா சொல்லு’ன்னு அவங்கம்மா சொன்னா. திரும்பிக்கூடப் பாக்கல.”

மகிழினி அவளுடைய தம்பி மகள். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகும்போது தம்பிக்கும் அவன் மனைவி பாண்டிச்செல்விக்கும் குவைத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்காவின் மடியில் பிள்ளையை வைத்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் திரும்பி வந்து திருப்பூரில் வீடு பிடித்தார்கள். வந்தார்கள், அழைத்துப் போனார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அங்கயற்கண்ணிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒரு தட்டு எடுத்தால் போதும் என்பது அவள் கைக்குத் தெரிய ஒரு மாதம் பிடித்தது. இன்னும் உலையில் இரண்டு பேருக்குத்தான் அரிசி விழுகிறது. தெருநாய் கொழுத்துவிட்டது.

“பல்லு எப்ப விழுந்துச்சு?”

“போறதுக்கு முந்தின நாளு. முதமுதல்ல முளைச்ச பல்லு, முதல்ல விழுந்துருச்சு. இது முளைச்ச அன்னைக்கு டம்ளர்ல பாலு குடுத்தேன். டிங்குன்னு சத்தம். ஊரையே கூப்பிட்டுக் காமிச்சேன்.”

“கூரையில போடலையா?”

விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவார்கள். எறிந்தால்தான் நல்ல பல்லாக முளைக்கும் என்று கணக்கு.

“மனசு வரல.”

சாமியம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

அங்கயற்கண்ணி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். “இதையும் பாருங்க. நேத்து பாண்டிச்செல்வி அனுப்பினா.”

படத்தில் மகிழினி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கீழ்வரிசையில் புதுப் பல் ஒன்று பாதி எட்டிப் பார்த்தது.

“அவ கைக்குப் போயி நாப்பது நாள்தான். அதுக்குள்ள பல்லு மஞ்சளாயிருச்சு, ரம்பம் மாதிரி வேற இருக்கு. எங்கிட்ட இருந்தப்ப அவ்வளவும் முத்து, சாமி.”

சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

“பால்பல்லு எப்பவுமே வெள்ளைதான் அக்கா. நிலைக்கிற பல்லுக்கு உள்ள கனம் அதிகம், அந்த மஞ்சள் வெளிய தெரியும். ரம்பமும் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிரும். யாரும் எதையும் கெடுக்கல.”

அங்கயற்கண்ணியின் முகம் விழுந்துவிட்டது. நாற்பது நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அது. அதுவும் போயிற்று.

அப்போது போன் அடித்தது. பாண்டிச்செல்வி.

அங்கயற்கண்ணி அதைக் கவிழ்த்து வைத்தாள். தரையில் கிடந்து அது அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு ஓய்ந்தது.

“எடுக்கலாமே.”

“எடுக்க மாட்டேன். புள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடப் போறதுக்கு முந்தி தினமும் அடிப்பா.”

“எதுக்கு?”



“புள்ள தூங்க மாட்டேங்குதாம், மெசேஜ் போட்டுருக்கா. ‘பஸ் ஓட்டு, பஸ் ஓட்டு’ன்னு அழுவுதாம். பொம்மை பஸ்ஸு வாங்கிக் குடுத்துருக்காங்க. டவுன் பஸ்ல ஏத்திக்கிட்டு ஊரையும் சுத்திட்டாங்க. நிக்கலையாம்.”

“அது என்ன பஸ்ஸு?”

“அதுவா? எட்டு மாசத்துல அவளைத் தூக்கிட்டு எங்க ஊரு பஸ்ல வந்தேன். ஒரே அழுகை. கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டாப்பா கத்திக்கிட்டே வந்தாரு. மூணு ரோடு, ரைஸ்மில், செட்டிகுளம், பாலம். அப்பிடியே கேட்டுக்கிட்டு வந்தா. கடைசி ஸ்டாப்பு எங்க ஊரு வெள்ளைப்பாறை. பாத்தா, தூங்கிட்டா. அன்னையிலருந்து அதான் தாலாட்டு. நான் ஸ்டாப்பு பேரு சொல்லணும். ‘வெள்ளைப்பாறை, எல்லாம் எறங்கு’ன்னு சொன்னதும் கண்ணு சொருகிரும்.”

“இதை அவங்கம்மாகிட்ட சொல்லலையா?”

“இல்ல.”

“ஏன்?”

“தூங்கலேன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுருவாங்கன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தலையை நிமிர்த்தவில்லை.

திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. சாமியம்மா எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் பிளாஸ்டரில் செய்த ஒரு குழந்தைத் தாடை இருந்தது. கல்லூரிக் காலத்துச் சாமான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் இதை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

“எண்ணுங்க.”

அங்கயற்கண்ணி மேலும் கீழும் விரல் வைத்து எண்ணினாள். “இருபது.”

“இப்ப பக்கவாட்டுல பாருங்க.”

தாடையின் வெளிச்சுவரை அறுத்து எடுத்திருந்தார்கள். உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. பால்பல்லுக்குக் கீழே இன்னொரு பல். பெரிய தலை, காலே இல்லை. வரிசையாக, ஒன்றையும் விடாமல்.

“ஆத்தாடி! இதெல்லாம் எப்ப வந்துச்சு?”

“எட்டு மாசத்துல புள்ளைய உங்க கையில குடுத்தாங்கல்ல? அப்பவே அந்த முன்பல்லு உள்ள உருவாகிக்கிட்டு இருந்துச்சு.”

“டம்ளர்ல சத்தம் கேட்டப்பவே?”

“அப்பவே.”

அங்கயற்கண்ணி தாடையைத் திருப்பினாள். கடைவாய்ப் பக்கம் வந்ததும் கை நின்றது. மேலே இருந்த பால்பல்லுக்கு நீண்ட வேர்கள் இருந்தன. இரண்டும் அகன்று கிடந்தன. நடுவில் சின்னதாக ஒரு பல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“ஏன் இப்பிடிக் காலை அகட்டி வச்சிருக்கு?”

“நீங்களே சொல்லுங்க.”

கைப்பிள்ளையைக் காலிடுக்கில் கிடத்தி வெந்நீர் ஊற்றுவோமே, அந்த மாதிரி இருந்தது. அங்கயற்கண்ணிக்கு அது சட்டென்று பிடிபட்டது. எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருப்பாள்! வேறொன்று அவளுக்கு உறைத்தது.

“இதுக்கு வேரு இருக்கே!”

“இருக்கும். நீளமாவே இருக்கும்.”

“அப்ப இதுல எங்க போச்சு?” டப்பாவிலிருந்து பல்லை எடுத்துக் காட்டினாள்.

“அடியில தொட்டுப் பாருங்க.”

சுண்டுவிரல் நகத்தால் தடவினாள். பல்லின் அடி மொட்டையாக இல்லை. உள்வாங்கி, ஓரமெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

“குழியா இருக்கு.”

“கீழருந்து வர்றது முட்டுன இடம். அது வர வர இதோட வேரு கரையும். நாலு வயசுலேயே கரைய ஆரம்பிச்சிருக்கும்.”

நாலு வயது.

அந்த வருஷம்தான் மகிழினி போன் திரையைப் பார்த்து முதன்முதலாகத் தானாகவே ‘அம்மா’ என்றாள். சொல்லிக் கொடுத்தது யார்? சாயங்காலம் தவறாமல் பிள்ளையை மடியில் வைத்து, போனைத் தூக்கிப் பிடித்து, ‘அங்க பாரு அம்மா, அம்மாவுக்கு முத்தம் குடு’ என்று கண்ணும் கருத்துமாகச் சொல்லிக் கொடுத்தது அங்கயற்கண்ணிதான். கை வலிக்க வலிக்கப் பிடித்திருக்கிறாள். ஒரு நாள்கூட விட்டதில்லை.

“கரையும்போது வலிக்குமா சாமி?”

“யாருக்கு?”

அங்கயற்கண்ணி பல்லை இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

“கரையாத பால்பல்லே கெடையாதா?”

“இருக்கே.”

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்தார். ஒரு விரலால் கன்னத்தை ஒதுக்கி வாயைத் திறந்தார். கீழ்க்கடைவாய் வரிசையில் பெரிய பற்களுக்கு நடுவே ஒரு பல் மட்டும் குள்ளமாக, வெள்ளையாக, கூட்டத்தோடு சேராமல் இருந்தது.

“பால்பல்லா இது? இந்த வயசுலயா?”

“எனக்கு ரெண்டு வயசுல வந்தது. ஆட்டிப் பாருங்க.”

அங்கயற்கண்ணி வலது கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு குருவின் வாய்க்குள் விரலை விட்டாள். அசைத்தாள். அழுத்திக்கூட அசைத்தாள். அது அசைவேனா என்றது.

“வேரு?”

“முழுசா இருக்கு.”

“பாத்தீங்களா!” அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. “இதான், இதான் சாமி நான் கேக்குறது. இது மட்டும் எப்பிடித் தங்குச்சு?”

சாமியம்மா வாயை மூடிக்கொண்டார். முறத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்தார். கேழ்வரகை ஒரு தட்டுத் தட்டினார்.

“கீழருந்து யாரும் வரல அக்கா.”

அவர் கல் பொறுக்குவதில் இறங்கிவிட்டார்.

அங்கயற்கண்ணி உட்கார்ந்தே இருந்தாள். ஓட்டின்மேல் ஒரு அணில் ஓடியது. மலைப் பக்கம் யாரோ ஆட்டை அதட்டினார்கள். இரண்டும் அடங்கிய பிறகு குடிலில் கல் விழும் சத்தம் மட்டும் இருந்தது.

அவள் போனைத் திருப்பினாள். நேற்று வந்த படத்தை மறுபடி திறந்தாள்.

நேற்றிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். பல்லைத்தான் பார்த்தாள். இப்போது கொஞ்சம் மேலே பார்த்தாள். பிள்ளையின் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கீழே கருவளையம். ஆறு வயசுப் பிள்ளைக்கு.

பெற்ற வயிறு இல்லைதான். ஆனாலும் பற்றி எரிந்தது.

பாண்டிச்செல்வியை அழைத்து, போனைக் காதில் வைத்தாள். ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை.

“மதினி! மதினி, நீங்களே கூப்பிட்டுட்டீங்களா? உங்களுக்கு என்ன கோவம்னாலும் அப்புறம் திட்டுங்க மதினி. புள்ள தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? என்ன பஸ்ஸுன்னு மட்டும் சொல்லிருங்க.”

“அழுவாத. பேனா இருக்கா? எழுதிக்க.”

“சொல்லுங்க மதினி.”

“சொவத்துப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வையி. முதுகுல தட்டாத, அவளுக்குப் பிடிக்காது. காதுகிட்ட கண்டக்டர் மாதிரி நிதானமாச் சொல்லு. மூணு ரோடு. எழுதிட்டியா? ரைஸ்மில். செட்டிகுளம். பாலம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூச்சு விட்டுக்க. அப்புறம் வெள்ளைப்பாறை.”

“வெள்ளைப்பாறை... எழுதிட்டேன். அங்க தூங்கிருவாளா?”

அங்கயற்கண்ணி இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பல் அங்கேயே இருந்தது, குழி மேலாக.

“உங்க வீட்டுக்கு எந்த ஸ்டாப்புல எறங்கணும்?”

“தண்ணித்தொட்டி ஸ்டாப்பு. எதுக்கு மதினி கேக்குறீங்க?”

“வெள்ளைப்பாறையில பஸ்ஸு நிக்கக்கூடாது. ‘போலாம், ரைட்’னு ஒரு குரல் குடு. அவ அழுவா. அழுதாலும் நிறுத்தாத. கடைசி ஸ்டாப்பு தண்ணித்தொட்டி.”