மூணு ஃபேன் கார்டும் பெனிட்டாவின் ஊரும்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க இசக்கிப்பாண்டி அண்ணாச்சி பொய்யே சொல்லமாட்டாரு. நடக்காததை நடந்த மாதிரி சொல்லுவாரு, அவ்வளவுதான். அன்னைக்கு நான் பிரிண்டருக்கு மை ஊத்தக் குடுத்துட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். பெனிட்டா ஆட்டோல இருந்து சிபியூவை இறக்கித் தூக்கிட்டு வந்தா.

பெனிட்டா ஒரு பில்டர் ஆபீஸ்ல பிளான் வரையுத பிள்ளை. பகல் பூரா அடுத்தவன் வீட்டை வரைஞ்சுட்டு, வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் கேம்ல சொந்தமா ஒரு ஊரு கட்டுதா. மூணு வருசமாக் கட்டுதா. கேம்ல வர்ற சாமான் பத்தாதுன்னு, உலகத்துல யார் யாரோ செஞ்சு வச்ச கூடுதல் சாமானையெல்லாம் இறக்கிச் சேத்திருக்கா. அதுக்கு மோடுன்னு பேரு. தேர் நிக்குத தெரு, மேல்நிலைத் தொட்டி, பரோட்டாக் கடை, எல்லாம் மோடு. சேத்துச் சேத்து ஆயிரக்கணக்குல ஆயிப்போச்சு. இப்போ ஊரு திறக்க மாட்டேங்குது. லோடு ஆகுதாம், ஆகுதாம், கடைசில தானா மூடிக்கிடுதாம்.

"என் ஊரைப் பாத்து மூணு வாரம் ஆச்சு அண்ணாச்சி. சோறு இறங்க மாட்டேங்குது"ன்னா.

விளையாட்டாச் சொல்லல. கண்ணு கலங்கித்தான் இருந்துது. ராம் கூட்டணுமா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணுமா, ரெண்டுல ஒண்ணுதான் இப்போதைக்கு அவளால முடியும். தப்பா வாங்கிட்டா அடுத்த போனஸ் வரைக்கும் ஊரு பூட்டித்தான் கிடக்கும். மோடு அத்தனையையும் ஒரே நேரத்துல தாங்கிப் பிடிக்கது ராம், படத்தை அழகாக் காட்டுதது கார்டுன்னு அவளே எங்கயோ படிச்சிருக்கா. இருந்தாலும் தெரிஞ்சவங்க வாயால ஒருதரம் கேட்டுக்கிடுவோம்னு வந்திருக்கா.

அண்ணாச்சி திரும்பிக் கண்ணாடி அலமாரியைப் பாத்தாரு. அங்கன மூணு ஃபேன் வச்ச கார்டு ஒண்ணு, ரெண்டு ஆயுத பூஜையாச் சந்தனமும் குங்குமமும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கேக்கத்தான் ஆளில்ல.

ராமெல்லாம் சும்மா தாயி, கார்டுதான் உயிருன்னு ஆரம்பிச்சாரு. அவரு வீட்லயும் இதே கேமாம். இதே கார்டு ரெண்டு மாட்டியிருக்காராம். மாட்டின அன்னைக்கு அது விட்ட காத்துல வீட்டு ஃபேனெல்லாம் எதிர்ப்பக்கமாச் சுத்துச்சாம். கூடவே கரண்ட் மீட்டரும் பின்னால ஓடிருச்சாம்.

நான் லேசா இருமினேன். உமக்கு என்னவே, பிரிண்டர் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இரும்னாரு. அண்ணாச்சிக்கு இடையில பேசினாப் பிடிக்காது.

படம் அம்புட்டுத் துல்லியமாம். கேம்ல இருக்க டீக்கடை போர்டுல விலையை வாசிக்கலாமாம். டீ விலையைக் கூட்டினதுக்கு இவரே ஒருநாள் சண்டை போட்டிருக்காராம். இன்னொரு நாள் கேம்ல மழை பெய்ய விட்டாராம். ஜன்னல் வழியா அதைப் பாத்த எதிர்வீட்டு அக்கா, மாடில காயப்போட்ட வத்தலை அள்ள ஓடினாளாம். தூரத்துல இருந்து பாத்தா ஏமாறத்தான் செய்வாங்கன்னு நான் சொன்னேன். ஏமாறல, வத்தல் நனைஞ்சு போச்சுன்னாரு.

போன கோடையில தெருவுக்குத் தண்ணி வரலன்னு, கேம்ல இருக்க தொட்டில இருந்து ஒரு டியூபைப் போட்டு வெளிய விட்டாராம். தெருவே குடத்தோட வந்து பிடிச்சுதாம். லேசா ஒரு பிளாஸ்டிக் வாடை அடிக்குமாம். மோடு தண்ணி அப்படித்தானாம்.

பெனிட்டா அலமாரியையே பாத்துட்டு இருந்தா. பிள்ளை கார்டுல விழுந்திருவாளோன்னு பயந்துட்டேன்.

அண்ணாச்சிக்குச் சூடு பிடிச்சிருச்சு. அதுக்கப்புறம்தான் மினிபஸ் வந்துதாம். அவரு தெருவுல ரோடு குண்டும் குழியுமாக் கிடக்குமாம். டிரைவர் தற்செயலா வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தாராம், திரையில ரோடு வழுவழுன்னு கிடந்துதாம். ஒரே திருப்பு, வாசப்படி ஏறி, நடுவீடு வழியா உள்ள போயிட்டாராம்.

"இப்போ பஸ் எங்க?"ன்னு கேட்டேன்.

"உள்ளதான் ஓடுது. நல்ல கலெக்சன்."

பஸ்ல இருந்தவங்க கதி என்னன்னு கேட்டா, அவங்க அங்கனயே வீடு பாத்துக்கிட்டாங்களாம். தண்ணி தினமும் வருதாம், கொசு இல்லையாம், எதுக்குத் திரும்பி வரணும்னு கேக்காங்களாம். ஒருத்தர் மட்டும் ரேஷன் வாங்க மாசம் ஒருதரம் வெளிய வந்துட்டுப் போறாராம்.

பெனிட்டா மெதுவா வாயைத் திறந்தா. என் ஊரும் பெரிய ஊருதான் அண்ணாச்சி, லோடு ஆகவே முக்கால் மணி நேரம் ஆகும், அம்புட்டு மோடுன்னா. சொல்லும்போது குரல்ல ஒரு பெருமை.

அண்ணாச்சியால அதைப் பொறுக்க முடியல. அவரு கடையில இன்னொருத்தர் பெருமை பேசினா அவருக்கு ஆகாது.

"முக்கால் மணி நேரமா? அது ஊரா தாயி, சந்து. நான் லோடு போட்டுட்டுத்தான் பொண்ணு பாக்கப் போனேன். நிச்சயம் ஆச்சு, கல்யாணம் ஆச்சு, வந்து பாத்தேன், கால்வாசி. மூத்தவன் பொறந்தான், மொட்டை போட்டோம், காது குத்தினோம், பாதி. இப்போ அவன் காலேஜுக்குப் போறான். இன்னும் லோடு ஆயிட்டுத்தான் இருக்கு. அம்புட்டுப் பெரிய ஊரு."

அப்போ அந்த மினிபஸ் எந்த ஊருக்குள்ள போச்சுன்னு கேக்க வாயெடுத்தேன். பெனிட்டா கையைக் காட்டி என்னை நிறுத்திட்டா.

"இந்தக் கார்டு மாட்டியுமா அண்ணாச்சி?"

"மாட்டியும்தான். ஒண்ணு இல்ல, ரெண்டு"ன்னாரு, நெஞ்சை நிமித்திக்கிட்டு.

பெனிட்டா எந்திரிச்சு சிபியூவை அவரு மேசை மேல தூக்கி வச்சா.

"அப்போ எனக்கு ராமே போடுங்க. நான் கல்யாணத்துக்கு முன்னாடி என் ஊரைப் பாக்கணும்."